குப்பத்துச் சாலையை யார் தீர்மானிக்கிறார்கள்? பழவேற்காட்டிலிருந்து போக்குவரத்துத் திட்டமிடலையும் நிதியையும் புரிந்துகொள்ளுதல்

அரசமைப்புச் சட்டத்தின் 11-ஆம் அட்டவணை, ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் 13-ஆவது, சாலைகள், சிறுபாலங்கள், பாலங்கள், படகுத்துறைகள், நீர்வழிகள் ஆகியவற்றைக் குறிக்கிறது. பழவேற்காடு ஏரியைச் சுற்றி வாழும் மீனவக் கிராமங்களின் போக்குவரத்துத் தேவைகள் அனைத்தையும் இந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது. ஆனால் அந்தக் கிராமங்களுக்குச் சாலை வருமா, வந்தால் எந்தத் தெருவோடு நிற்கும், பேருந்து எத்தனை முறை வரும், படகுத்துறை கட்டப்படுமா என்பவற்றைத் தீர்மானிக்கும் இடங்கள் ஊராட்சிக்கு வெகு தொலைவில் இருக்கின்றன. அந்த இடங்கள் எவை, அங்கே யார் அமர்ந்திருக்கிறார்கள், பணம் எந்த வழியாக வருகிறது, ஒடுக்கப்பட்ட மக்களின் பங்கு எந்தக் கட்டத்தில் கரைந்துபோகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓர் ஏரி, பல சமூகங்கள்

சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது; தென்பகுதியும் கடலோடு கலக்கும் முகத்துவாரமும் திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி வட்டத்தில் உள்ளன. தமிழ்நாட்டுப் பகுதி 1980-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வடக்கே ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம், தெற்கே காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்கள். இவற்றுக்கு நடுவே குப்பங்களும் காலனிகளும் இருளர் குடியிருப்புகளும் அடுத்தடுத்து அமைந்துள்ளன.

'மீனவக் கிராமங்கள்' என்ற சொல் இந்த வட்டாரத்தின் ஏற்றத்தாழ்வை மறைத்துவிடுகிறது. ஏரியின் வளமான பகுதிகளில் முறைவைத்து வலைபோடும் உரிமையைப் 'பாடு' என்பார்கள். அவ்வுரிமை மரபாகச் சில பட்டினவர் குப்பங்களிடமே இருந்துவருகிறது. தலித் மீனவர்களும் இருளர்களும் அந்த முறைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். ஆழங்குறைந்த நீரிலும் கால்வாயிலும் இறங்கி, ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு எந்தப் பாடும் எழுதப்படவில்லை. பட்டினவர் சமூகம் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளது. தலித்துகள் பட்டியல் சாதியினர். இருளர்கள் பட்டியல் பழங்குடியினர். துறைமுகத்தின் முன் மூவரும் எளியவர்கள்தாம். ஆயினும் அரசின் நிதிக் கணக்கில் மூவருக்கும் மூன்று வெவ்வேறு தலைப்புகள். இந்த வேறுபாட்டை அறியாமல் சாலை நிதியைப் புரிந்துகொள்ள இயலாது.

சாலை யாருடையது?

ஒரு சாலைக்குப் பொறுப்பாளர் யார் என்பது அதன் வகைப்பாட்டைப் பொறுத்தது. தேசிய நெடுஞ்சாலை ஒன்றிய அரசுக்குரியது. மாநில நெடுஞ்சாலைகளும் மாவட்டச் சாலைகளும் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. ஊராட்சி ஒன்றியச் சாலைகளும் கிராம ஊராட்சிச் சாலைகளும் ஊரக வளர்ச்சித் துறையின் பொறுப்பு. பொன்னேரியிலிருந்து பழவேற்காடு வரும் பெரிய சாலை ஒரு துறையின் கோப்பில் இருக்கும். அதிலிருந்து பிரிந்து காலனிக்குச் செல்லும் அரைக் கிலோமீட்டர் இன்னொரு துறையின் கோப்பில் இருக்கும். நிலம் வனத்துறையினுடையதாகவோ சரணாலய எல்லைக்குட்பட்டதாகவோ இருந்தால் மூன்றாவது கோப்பு திறக்கப்படும்.

இப்படிச் சிதறிக்கிடக்கும் பொறுப்புகளை ஒரே மேசைக்குக் கொண்டுவருவதற்காகவே வட்டாரப் போக்குவரத்துத் திட்டமிடல் அமைப்புகள் உருவாக்கப்பட்டன. 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, பெருநகரங்கள் ஒவ்வொன்றிலும் ஒருங்கிணைந்த போக்குவரத்து ஆணையம் அமைக்கப் பரிந்துரைத்தது. 2017-ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கை, ஒன்றிய நிதி வேண்டுமானால் அத்தகைய ஆணையம் கட்டாயம் என்றது. தமிழ்நாட்டில் அதற்கான சட்டம் 2010-இலேயே இயற்றப்பட்டது. சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், சுருக்கமாகக் 'கும்டா', அச்சட்டத்தால் பிறந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2019-இல். குழுமத்தின் முதல் கூட்டம் முதலமைச்சர் தலைமையில் நடந்தது 2022 நவம்பரில். சட்டத்துக்கும் முதல் கூட்டத்துக்கும் இடையே 12 ஆண்டுகள் கழிந்தன.

பழவேற்காட்டுக்கும் சென்னைக் குழுமத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர்ப் பகுதியின் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பகுதிகள் அந்த எல்லைக்குள் வந்தன. வயலும் ஏரியும் உப்பளமும் காலனியும் ஓர் அரசாணையால் பெருநகரத்தின் பகுதியாயின. இனி அவ்வட்டாரத்தின் நிலப் பயன்பாடும் நீண்டகாலப் போக்குவரத்தும் பெருநகரத் தேவைகளின் கண்கொண்டு பார்க்கப்படும்.

மேசையில் யார்?

கும்டா சாலை போடுவதில்லை, பேருந்து ஓட்டுவதில்லை. திட்டமிடுவதும், துறைகளை ஒருங்கிணைப்பதும், திட்டங்களின் முன்னுரிமையைப் பரிந்துரைப்பதும் அதன் வேலை. கட்டுவது நெடுஞ்சாலைத் துறை, மெட்ரோ நிறுவனம், மாநகரப் போக்குவரத்துக் கழகம் போன்ற முகமைகள். ஆகவே குழுமத்தின் வலிமை அதன் பட்டியலில் இருக்கிறது. நீண்டகாலத் திட்டத்தின் பட்டியலில் ஒரு பணி இடம்பெற்றுவிட்டால், பின்னர் கடன் கொடுப்பவர் கேட்கும்போது, வரவு செலவுத் திட்டம் தயாராகும்போது, அந்தப் பணிக்குப் பெயரும் எண்ணும் இருக்கும். பட்டியலில் இல்லாத பணி மனுவாகவே இருந்துவிடும்.

குழுமத்தின் உறுப்பினர்கள் பெரும்பாலும் துறைச் செயலாளர்களும் முகமைத் தலைவர்களும் அரசு நியமிக்கும் வல்லுநர்களும் ஆவர். மீஞ்சூர் ஒன்றியத்தின் ஒரு கிராம ஊராட்சித் தலைவர், தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்ற தகுதியில் அந்த மேசைக்கு வர வழியில்லை. பொன்னேரி சட்டமன்றத் தொகுதியும் திருவள்ளூர் நாடாளுமன்றத் தொகுதியும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை. ஆனால் தொகுதி ஒதுக்கீடு திட்டமிடல் குழுமத்துக்குள் தானாகப் பாய்வதில்லை.

அரசமைப்புச் சட்டம் இதற்கு வேறொரு வழியைக் காட்டியிருக்கிறது. 243-இசட்டி பிரிவின்படி மாவட்டத் திட்டக் குழுவின் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கினர், மாவட்ட ஊராட்சி, நகராட்சி உறுப்பினர்கள் தம்முள் இருந்து தேர்ந்தெடுப்பவர்களாக இருக்க வேண்டும். 243-இசட்இ பிரிவின்படி பெருநகர்த் திட்டக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கினர் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். ஊராட்சித் தலைவர்களும் அதில் அடங்குவர். தமிழ்நாடு 2009-இல் பெருநகர்த் திட்டக் குழுவுக்கெனச் சட்டமும் இயற்றியது. உள்ளாட்சிகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் இட ஒதுக்கீடு உண்டு. எனவே தேர்தல்வழி அமையும் திட்டக் குழுவுக்கு ஒரு தலித் பெண் ஊராட்சித் தலைவர் வந்து சேரும் வாய்ப்பு உண்டு. நியமனவழி அமையும் குழுமத்தில் அந்த வாய்ப்பு அரசின் மனத்தைப் பொறுத்தது. போக்குவரத்து அதிகாரம் முதல்வகை அமைப்பிலிருந்து இரண்டாம் வகை அமைப்புக்கு நகரும்போது இழக்கப்படுவது இதுதான்.

அந்தத் தேர்தல்வழிப் பாதையும் இப்போது இடைவெளி கண்டிருக்கிறது. திருவள்ளூர் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. ஊராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லாத காலத்தில் தீட்டப்படும் திட்டங்களில் ஊராட்சியின் குரல் எப்படி இருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

பணம் வரும் வழிகள்

சாலைக்கான பணம் பொதுவாக நான்கு வாய்க்கால்கள் வழியாக வருகிறது.

முதலாவது, ஒன்றிய, மாநில அரசுத் திட்டங்கள். 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைகள் திட்டத்தில் ஒன்றிய, மாநிலப் பங்கு இப்போது 60-க்கு 40. அதன் நான்காம் கட்டம் 2024 முதல் 2029 வரை, 25,000 குடியிருப்புகளை 62,500 கிலோமீட்டர் சாலையால் இணைக்கும் இலக்குடையது. மாநிலம் 2023 ஜனவரியில் முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டத்தை அறிவித்தது. இரண்டு ஆண்டுகளில் 4,000 கோடி ரூபாயில் 10,000 கிலோமீட்டர் என்பது அதன் இலக்கு.

இரண்டாவது, உள்நாட்டுக் கடன். நபார்டு வங்கியின் ஊரக உட்கட்டமைப்பு வளர்ச்சி நிதி 1995-96-இல் உருவாக்கப்பட்டது. அந்த நிதிக்கு மூலம் எது என்பது கவனிக்கத்தக்கது. வேளாண்மை, நலிந்த பிரிவினர் முதலிய முன்னுரிமைத் துறைகளுக்குக் கொடுக்க வேண்டிய கடன் இலக்கை எட்டத் தவறும் வங்கிகள், அந்தக் குறைபாட்டுத் தொகையை இதில் வைப்பாகச் செலுத்துகின்றன. நலிந்த பிரிவினர் என்ற வரையறைக்குள் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் உண்டு. அதாவது, ஒரு தலித் மீனவருக்குப் படகு வாங்கக் கிடைக்காத கடன், மாநில அரசுக்குப் பாலம் கட்டக் கடனாகப் போகிறது. அந்தப் பாலம் அவருடைய குடியிருப்பைத் தொடுகிறதா என்று கேட்க அவருக்கு இரட்டை உரிமை இருக்கிறது.

மூன்றாவது, வெளிநாட்டுக் கடன். சென்னை எல்லைச் சாலை இதற்கு எடுத்துக்காட்டு. எண்ணூர் துறைமுகத்திலிருந்து மாமல்லபுரம் அருகேயுள்ள பூஞ்சேரி வரை சுமார் 133 கிலோமீட்டர் நீளம், ஐந்து பகுதிகள். எண்ணூர் துறைமுகத்திலிருந்து தச்சூர் வரையிலான ஏறத்தாழ 25 கிலோமீட்டர் முதற்பகுதிக்கு, ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமை 4,007.4 கோடி யென் கடன் வழங்க 2019 ஜனவரியில் ஒப்பந்தம் ஆனது. இத்தகைய கடன் ஒன்றிய அரசின் வழியாக மாநிலத்துக்கு வருகிறது. திருப்பிச் செலுத்துவது மாநிலத்தின் பொது வருவாயிலிருந்து. அந்த வருவாயில் இறால் விற்கும் பெண் தீப்பெட்டி வாங்கும்போது கட்டும் வரியும் சேர்ந்திருக்கிறது.

நான்காவது, தொகுதி மேம்பாட்டு நிதிகளும் சமூகத்துக்கெனக் குறிக்கப்பட்ட நிதிகளும். நாடாளுமன்ற உறுப்பினரின் ஆண்டு ஒதுக்கீடான 5 கோடி ரூபாயில் 15 விழுக்காடு பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும் 7.5 விழுக்காடு பழங்குடியினர் வாழும் பகுதிகளுக்கும் பரிந்துரைக்கப்பட வேண்டும். ஆதிதிராவிடர் குடியிருப்புகளின் அடிப்படை வசதிக்காக அயோத்திதாசப் பண்டிதர் பெயரில் 5 ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டம் 2023-24 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது.

நான்கு வாய்க்கால்களையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். துறைமுகத்துக்குச் செல்லும் சாலைக்கு நீண்டகாலக் கடனும், தனி அலுவலகமும், ஆலோசகர்களும், ஆண்டுகள் தோறும் உறுதியான பணமும் உண்டு. குடியிருப்புக்குச் செல்லும் சாலைக்கு ஆண்டுக்கு ஆண்டு மாறும் சிறு ஒதுக்கீடு. முதலாவது 'திட்டம்' எனப்படுகிறது. இரண்டாவது 'பணி' எனப்படுகிறது.

ஐந்நூறு மீட்டர் என்னும் மறைப்பு

பிரதமரின் கிராமச் சாலைகள் திட்டத்தில் ஒரு குடியிருப்பு 'இணைக்கப்படாதது' எனக் கருதப்பட இரண்டு நிபந்தனைகள் உண்டு. சமவெளியில் மக்கள்தொகை குறைந்தது 500 இருக்க வேண்டும். அனைத்துப் பருவச் சாலையிலிருந்தோ ஏற்கெனவே இணைக்கப்பட்ட குடியிருப்பிலிருந்தோ குறைந்தது 500 மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும்.

பொறியாளரின் பார்வையில் இது நியாயமான வரையறை. தமிழ்நாட்டுக் கிராமத்தின் அமைப்போடு பொருத்திப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும். ஊரும் காலனியும் பிரிந்தே இருக்கின்றன. இடைவெளி பல இடங்களில் 500 மீட்டருக்கும் குறைவு. சாலை ஊரைத் தொட்டவுடன் காலனியும் இணைக்கப்பட்டதாகக் கணக்காகிவிடும். மழைக்காலத்தில் அந்த முந்நூறு, நானூறு மீட்டர் சேறாகிக் கிடந்தாலும் பதிவேட்டில் அது இணைந்த குடியிருப்பு. தீண்டாமையால் உருவான இடைவெளி, அளவைநாடாவுக்குள் அடங்கிக் காணாமற்போகிறது. இங்கே எந்த அலுவலரும் சாதி பார்க்கத் தேவையில்லை. வரையறையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

ஏரிக்கரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. நேர்கோட்டில் 500 மீட்டருக்குள் இருக்கும் இரண்டு குடியிருப்புகளுக்கு நடுவே கழிமுகமோ கால்வாயோ இருக்கலாம். வரைபடத்தில் அண்டை வீடு. காலால் நடந்தால் பல கிலோமீட்டர்.

இருளர்களுக்கு விதிகளிலேயே ஒரு தனிவழி இருக்கிறது. தமிழ்நாட்டு இருளர்கள் குறிப்பாக நலிவுற்ற பழங்குடிக் குழுக்களின் பட்டியலில் உள்ளவர்கள். 2023 நவம்பரில் தொடங்கப்பட்ட பிரதமரின் ஜன்மன் திட்டத்தின் சாலைக்கூறில், அத்தகைய குடியிருப்புக்கு மக்கள்தொகை 100 இருந்தாலே போதும். ஆனால் இதற்கு முதலில் அந்தக் குடியிருப்பு தனிப்பெயரோடு பட்டியலில் இருக்க வேண்டும். அருகிலுள்ள குப்பத்தின் பெயரில் கரைந்திருந்தால் தகுதியும் கரைந்துபோகும். எனவே பெயர் கேட்பதுதான் முதல் போராட்டம். சாலை கேட்பது அடுத்தது.

செலவானதாகக் கருதப்படும் பணம்

பட்டியல் சாதியினருக்கான சிறப்புக்கூறுத் திட்டம் 1979-80 காலத்தில் தொடங்கியது. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப ஒவ்வொரு துறையும் நிதி ஒதுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20.01 விழுக்காடு, பழங்குடியினர் 1.10 விழுக்காடு. நீண்டகாலக் கோரிக்கைக்குப் பின் 2024 ஜூனில் தமிழ்நாடு சட்டமன்றம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கெனச் சட்டம் நிறைவேற்றியது. ஆந்திரமும் கருநாடகமும் 2013-இலேயே இத்தகைய சட்டங்களை இயற்றிவிட்டன.

சாலைத் துறையில் இந்தக் கணக்கு எப்படி வழுக்குகிறது என்பதைக் கருநாடகம் காட்டியது. பெரிய சாலை, பாலம் போன்ற பணிகளை 'இவ்வளவு பங்கு இன்னாருக்கு' என்று பிரிக்க முடியாது. கருநாடகச் சட்டத்தின் 7(டி) பிரிவு, அத்தகைய பணிகளின் செலவில் ஒரு பகுதியைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்குச் செலவானதாகவே கருதலாம் என்றது. ஒரு கற்பனைக் கணக்கு: 100 கோடி ரூபாயில் பொதுச்சாலை போடப்படுகிறது, அதில் 20 கோடி துணைத்திட்டச் செலவாக எழுதப்படுகிறது. காலனிப் பக்கம் ஒரு மீட்டர் சாலையும் திரும்பாமலே 20 கோடி செலவாகிவிட்டது. தலித் அமைப்புகளின் தொடர்ந்த எதிர்ப்புக்குப் பின் அந்தப் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டது.

தமிழ்நாட்டின் சட்டத்தைப் பயன்படுத்த விரும்புவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்தே வருகிறது: நெடுஞ்சாலைத் துறையும் ஊரக வளர்ச்சித் துறையும் துணைத்திட்டத்தில் காட்டும் தொகை, பெயர் சொல்லத்தக்க குடியிருப்புகளில் நடந்த பணிகளின் கூட்டுத்தொகையா, மொத்தச் செலவின் விழுக்காடா? விழுக்காடு என்றால் அது வெறும் எண்கணிதம்.

திட்டமிடலுக்கு வெளியே நிற்கும் தண்ணீர்

பழவேற்காட்டில் தண்ணீரும் ஒரு சாலை. வலைக்குப் போவதும், சந்தைக்கு வருவதும், முகத்துவாரம் கடந்து கடலுக்குச் செல்வதும் படகில்தான். அந்தச் சாலைக்குப் பொறுப்பாளர் யார்?

ஏரியின் வழியே செல்லும் பக்கிங்காம் கால்வாய், காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரையிலான 4-ஆவது தேசிய நீர்வழியின் பகுதியாக 2008-இல் அறிவிக்கப்பட்டது. அது ஒன்றிய அரசின் உள்நாட்டு நீர்வழி ஆணையத்துக்குரியது. சரக்குப் போக்குவரத்தே அதன் முதன்மைக் கனவு. முகத்துவாரத்தில் மணல் அடைக்காமல் காக்கும் பணி மீன்வளத் துறையின் கணக்கு. அதற்கான அனுமதி, சரணாலயம் என்பதால், வன உயிரினச் சட்டத்தின் கீழ் பெற வேண்டும். பொதுப் படகுத்துறைகளை அறிவித்து முறைப்படுத்தும் அதிகாரம் 1890-ஆம் ஆண்டின் கால்வாய், பொதுப் படகுத்துறைச் சட்டத்தில் உள்ளது. 11-ஆம் அட்டவணையோ படகுத்துறையை ஊராட்சியின் பொருள் என்கிறது. ஐந்து அதிகாரங்கள் இருந்தும் பயணப் படகுக்கு ஒரு நேர அட்டவணை இல்லை.

2011 டிசம்பர் 25 அன்று ஏரியில் சுற்றுலாப் பயணிகள் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். படகுச் சவாரிக்குத் தடை வந்தது. தடை விதிப்பது எளிது. பாதுகாப்பான பொதுப் படகுப் போக்குவரத்தை நடத்துவது திட்டமிடல் சார்ந்தது. அந்தப் பொறுப்பை எந்த அமைப்பும் தன்னுடையதாக ஏற்கவில்லை. சவாரிப் படகு ஓட்டிப் பிழைத்தவரின் வருவாய்தான் நின்றது.

கரையில் பேருந்தின் கதையும் இதனோடு சேர்ந்ததே. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதற்கான தொகையை மாநில அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடுசெய்கிறது. மீன் விற்கும் பெண்களுக்கு இது பெரிய ஆதரவு. ஆயினும் கட்டணமில்லாப் பயணச்சீட்டின் மதிப்பு, பேருந்து எத்தனை முறை வருகிறது என்பதைப் பொறுத்தது. மீன்கூடையோடு ஏறலாமா என்பதையும் பொறுத்தது. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் மூதாட்டி ஒருவர், நாற்றம் அடிக்கிறது என்று பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டதை நாடே பார்த்தது. 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுப் பேருந்தையோ சாலையையோ வழியையோ பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மற்றவர்களோடு சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பதைக் குற்றமாக்கியுள்ளது. போக்குவரத்துத் திட்டங்களைப் பேசும்போது இந்தச் சட்டம் நினைவுக்கு வருவதில்லை, வர வேண்டும்.

நிலம் எடுக்கப்படும்போது

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிவாக்கும் திட்டத்துக்கு எதிராகப் பழவேற்காட்டு மீனவர்கள் நடத்திவரும் போராட்டம் பலரும் அறிந்தது. 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்ட பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடைபெறாமல் தள்ளிவைக்கப்பட்டன. துறைமுகம் பேசப்படும் அளவுக்குத் துறைமுகச் சாலைகள் பேசப்படுவதில்லை. சாலைக்கு நிலம் எடுக்கும் சட்டமே வேறு என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் ஒரு முக்கியமான முன்னேற்றத்தைத் தந்தது. நிலமே இல்லாவிட்டாலும், மூன்றாண்டுகளாக நீர்நிலையை நம்பி வாழும் மீனவர், படகோட்டி குடும்பங்களைப் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்று அது வரையறுத்தது. அத்தகைய குடும்பங்களைக் கண்டறியும் கருவி அச்சட்டத்தின் சமூகத் தாக்க மதிப்பீடு. ஆனால் தமிழ்நாடு, தன் 2001-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைகள் சட்டத்தின் கீழ் எடுக்கும் நிலத்தை 2013 சட்ட நடைமுறையிலிருந்து விலக்கித் திருத்தம் செய்தது. 2019 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. மாநிலம் உடனே புதுச்சட்டம் கொண்டுவந்தது. 2021-இல் உச்சநீதிமன்றம் அப்புதுச்சட்டத்தை ஏற்றது. விளைவாக, இழப்பீடு 2013 அளவில் கிடைக்கும். சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயமில்லை. பட்டா வைத்திருப்பவர் கணக்கில் வருவார். பட்டா இல்லாத நிலத்தில் குடிசை போட்டு, சாலை கடக்கும் ஓடையில் இறால் பிடிப்பவரைத் தேடி எண்ணும் கட்டாயம் யாருக்கும் இல்லை. அந்த இரண்டாமவர் இங்கே பெரும்பாலும் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பிற நாட்டு அனுபவம்

அமெரிக்காவில் 50,000-க்கு மேல் மக்கள்தொகை உள்ள நகர்ப்பகுதி ஒவ்வொன்றுக்கும் பெருநகரத் திட்டமிடல் அமைப்பு கட்டாயம். அதன் வேர் 1962-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலை நிதிச் சட்டத்தில் உள்ளது. அவ்வமைப்பு 20 ஆண்டுத் திட்டத்தையும் 4 ஆண்டுப் பணிப்பட்டியலையும் வெளியிட வேண்டும். உண்மையில் வரக்கூடிய நிதிக்குள் அடங்கும் பணிகளை மட்டுமே பட்டியலிடலாம். எனவே ஒரு பணி பட்டியலில் இருந்தால் அதற்குப் பணம் எங்கிருந்து என்பதும் தெரிந்திருக்கும். இந்த ஒழுங்கு நமக்கும் வேண்டியது.

ஒழுங்கு மட்டும் நீதியாகிவிடாது என்பதையும் அங்குள்ள வரலாறு காட்டுகிறது. லாஸ் ஏஞ்சலிசில் ஏழைகளும் கறுப்பின, இலத்தீன மக்களும் செல்லும் பேருந்துகளைப் புறக்கணித்து ரயிலுக்குப் பணம் திருப்பப்படுகிறது என்று பேருந்துப் பயணிகள் சங்கம் 1994-இல் வழக்குத் தொடுத்தது. 1964-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுக்கு ஆயுதமாயிற்று. 1996-இல் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டால் பேருந்துச் சேவை விரிவாக்கப்பட்டது. பயணிகள் சங்கமாகத் திரண்டதும், நிதிப் பங்கீட்டையே பாகுபாடு என்று வாதிட்டதும் அந்த வெற்றிக்குக் காரணங்கள். அதே நாட்டில் சிறுபான்மையினர் மீதான சுற்றுச்சூழல் சுமையை ஆராயச் சொன்ன 1994-ஆம் ஆண்டின் அதிபர் ஆணை, 2025 ஜனவரியில் ஒரே கையெழுத்தில் நீக்கப்பட்டது. ஆணையாக வந்த உரிமை ஆணையாகவே போய்விடும். சட்டமாகவும் இயக்கமாகவும் நிற்பதே நிலைக்கும்.

என்ன கேட்பது, எங்கே கேட்பது?

சாலை ஒரு சலுகை என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். 1986-இல் இமாசலப் பிரதேச அரசுக்கும் உமேத் ராம் சர்மாவுக்கும் இடையிலான வழக்கில் உச்சநீதிமன்றம், சாலை வசதி வாழ்வுரிமையின் பகுதி என்று ஏற்றது. அவ்வழக்கைத் தொடங்கிவைத்தது ஏழை மலைவாழ் மக்கள் எழுதிய கடிதம். அவர்களுள் பலர் தலித்துகள். அந்தத் தீர்ப்பைத் துணைக்கொண்டு கேட்க வேண்டிய கேள்விகள் சில:

1. கிராமச் சாலைத் திட்டத்தின் குடியிருப்புப் பட்டியலில் நம் காலனியும் இருளர் குடியிருப்பும் தனிப்பெயரோடு உள்ளனவா? 'இணைக்கப்பட்டது' என்று குறித்திருந்தால் எந்தச் சாலையால், குடியிருப்பின் எந்தப் புள்ளி வரை?

2. மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பணிகளில், கடந்த ஐந்தாண்டுகளில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் துணைத்திட்டத் தலைப்பில் செலவான தொகை எந்தெந்தக் குடியிருப்பில், எத்தனை மீட்டர் சாலைக்கு?

3. நாடாளுமன்ற உறுப்பினர் நிதியின் 15, 7.5 விழுக்காட்டுப் பரிந்துரைகள் எவை?

4. கும்டாவின் நீண்டகாலத் திட்டத்தில் பழவேற்காட்டுப் பகுதிக்கு எந்தப் பணிகள், எந்த ஆண்டில், எந்த நிதியில்? அவற்றுள் படகுத்துறை உண்டா?

5. கடன் பெற்ற சாலைத் திட்டங்களில் மறுகுடியமர்வுத் திட்ட அறிக்கை தமிழில் கிடைக்கிறதா? அதில் நீர்நிலையை நம்பிய குடும்பங்கள் எத்தனை எண்ணப்பட்டுள்ளன?

முதல் மூன்றுக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் 30 நாட்களில் விடை பெறலாம். கிடைத்த விடையைக் கிராமசபையில் வாசிக்கலாம். தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள். ஊராட்சி மன்றம் இல்லாத காலத்திலும் வாக்காளர்கள் அனைவரும் அதன் உறுப்பினர்கள். வனநிலம் தடையென்றால் வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவைச் சுட்டலாம்: சாலை உள்ளிட்ட 13 வசதிகளுக்கு, ஒரு பணிக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தைக் கிராமசபையின் பரிந்துரையோடு ஒதுக்க அது இடமளிக்கிறது. வெளிநாட்டுக் கடன் தொடர்பான முறையீட்டுக்கு, ஜப்பான் முகமையும் ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கியும் தத்தம் புகார் நடைமுறைகளை வைத்துள்ளன.

கல்லூரி மாணவர்கள் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. குடியிருப்பின் பெயர், ஊரிலிருந்து தொலைவு, சாலை நிற்கும் இடம், மழைக்காலத்தில் நிலை, கடைசிப் பேருந்தின் நேரம், படகில் மட்டும் அடையக்கூடிய வீடுகளின் எண்ணிக்கை: இந்த ஆறு விவரங்களையும் ஒவ்வொரு காலனியிலும் குப்பத்திலும் இருளர் குடியிருப்பிலும் சேகரித்து ஒரே வரைபடத்தில் குறிக்க வேண்டும். பட்டினவர் குப்பத்தின் தேவையும் காலனியின் தேவையும் அதில் தனித்தனியே தெரிய வேண்டும். அப்போதுதான் இருவரும் சேர்ந்து கேட்கும்போது ஒருவர் மற்றவரின் பெயருக்குள் மறையமாட்டார். அரசின் பட்டியலோடு அந்த வரைபடத்தை ஒப்பிட்டால் விடுபட்ட குடியிருப்புகள் வரிசையாகத் தெரியும். அடுத்த கிராமசபைக்குக் கொண்டுபோக வேண்டிய தீர்மானம் அந்த வரிசைதான்.